ஒப்செட் கிளெய்ம் சரிபார்ப்பு: கோப்பு வந்த நாள் முதல் பதில் கடிதம் வரை

இராணுவத் தளபாடம் விற்கும் வெளிநாட்டுக் கம்பனி, ஒப்பந்த விலையில் இத்தனை வீதத்துக்கு வாங்கும் நாட்டின் தொழிற்சாலைகளுக்கு வேலை, தொழில்நுட்பம் அல்லது பயிற்சி தருவதாக எழுதிக் கொடுப்பதே ஒப்செட். தந்துவிட்டதாகச் சொல்லி அந்தக் கம்பனி காட்டும் கணக்குத்தான் கிளெய்ம். அது பிறகு கோப்பாக வந்து, சரிபார்க்கும் உங்கள் மேசையில் விழும். அழகாக பைண்ட் செய்த அறிக்கை, வர்ணப் படங்கள், கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய டொலர் தொகை. அந்தத் தொகையில் எவ்வளவு நிற்கும் என்பதைப் பார்ப்பதுதான் வேலை.

எவ்வளவு உதிரும் என்பதற்கு இலங்கையின் அயல்நாட்டுக் கணக்கு ஒன்று போதும். இந்தியாவில் 2005 முதல் 2018 மார்ச் வரை 46 ஒப்செட் ஒப்பந்தங்கள், மொத்தம் 66,427 கோடி இந்திய ரூபாய். 2018 டிசம்பருக்குள் நிறைவேற்றியிருக்க வேண்டியது 19,223 கோடி. நிறைவேற்றியதாக வழங்குநர்கள் சொன்னது 11,396 கோடி. பாதுகாப்பு அமைச்சு ஏற்றுக்கொண்டது 5,457 கோடி. அந்நாட்டுக் கணக்காய்வுத் தலைவர் 2020இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள எண்கள் இவை. கிளெய்ம் செய்ததில் பாதிகூட அதுவரை ஏற்கப்படவில்லை.

கோப்பைத் திறந்ததும் அறிக்கையைப் படிக்காதீர்கள். முதலில் ஒப்பந்தத்தின் ஒப்செட் இணைப்பை எடுத்து மூன்று விடயங்களைத் தேடுங்கள்: அடிப்படை ஆண்டு (முன்பிருந்த கொள்வனவை எந்த ஆண்டோடு ஒப்பிடுவது) எது, உள்நாட்டுப் பெறுமதியை எப்படிக் கணக்கிடுவது, பெருக்கி (அந்தப் பெறுமதியை எத்தனை மடங்காகக் கணக்கில் எடுப்பது) எத்தனை. கையெழுத்தாகும்போது இவை எழுதப்படாமல் போயிருந்தால் பிறகு நடப்பதெல்லாம் பேரம்தான். அப்படி எழுதப்படாத கோப்புகள் குறைவில்லை.

கணக்கை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். கொழும்புக்கு அருகே இரத்மலானையில் ஒரு இயந்திரப் பட்டறை அலுமினிய பிராக்கெட் செய்து கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு இன்வொய்ஸ் மொத்தம் 18 இலட்சம் டொலர், பெருக்கி 2. கிளெய்ம் 36 இலட்சம் என்று வரும். ஆனால் அதே கம்பனி ஒப்பந்தத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளிலும் அதே பட்டறையிடம் சராசரியாக ஆண்டுக்கு 4 இலட்சத்துக்கு வாங்கியிருந்தால், புதிதாக வந்த வேலை 14 இலட்சம்தான். அந்த 14இல் 60 வீதம் இறக்குமதி செய்த அலுமினியக் கட்டிகளின் விலையென்றால், இங்கே சேர்ந்த பெறுமதி 5.6 இலட்சம். பெருக்கியை அதற்குப் பிறகுதான் போட வேண்டும்: 11.2 இலட்சம். கழிக்க வேண்டியதைக் கழிக்கும் முன்பே பெருக்கியைப் போட்டுவிடுவதுதான் எல்லாக் கோப்பிலும் வரும் முதல் தவறு. தவறு என்று மரியாதைக்குச் சொல்கிறோம்.

மூலப்பொருளின் இறக்குமதிப் பங்கை அறிக்கையிலிருந்து எடுக்கக் கூடாது. சுங்கப் பிரகடனப் பிரதி வேண்டும். இயந்திரம் கொடுத்ததாகச் சொன்னாலும் அப்படியே. பிரகடனத்தில் உள்ள தொடர் இலக்கமும் இயந்திரத்தில் அடித்திருக்கும் தகட்டின் இலக்கமும் ஒன்றா, தகட்டில் உற்பத்தி ஆண்டு என்ன என்று படமெடுத்து வைக்க வேண்டும். பழைய இயந்திரத்துக்குப் பூச்சடித்துப் புது விலை போடுவது நடக்கிற விடயம்.

பட்டறைக்குப் போகும் நாளில் பார்க்க வேண்டிய முக்கியப் பொருள், கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரம் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டும் மணிமானி. 5,000 பிராக்கெட், ஒன்றுக்கு 22 நிமிடம் என்றால் ஏறக்குறைய 1,833 மணித்தியாலம் ஓடியிருக்க வேண்டும். சென்ற வருகைக்கும் இந்த வருகைக்கும் இடையில் மானி 640 மணித்தியாலம்தான் ஏறியிருந்தால், அதில் 1,745 பிராக்கெட்டுக்கு மேல் செய்திருக்க முடியாது. மிச்சம் பெரும்பாலும் வேறு நாட்டிலிருந்து செய்து முடித்து வந்து, இங்கே பிசிறு தட்டிப் பெட்டியில் அடைத்ததாக இருக்கும். இதற்கு ஒரு நிபந்தனை: ஒப்பந்தம் தொடங்கும் வாரத்திலேயே முதல் வாசிப்பைக் குறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றுமில்லை. கூடவே ஒவ்வொரு வேலையையும் பதிந்துவைக்கும் ஜொப் கார்ட்டுகளையும் கேளுங்கள். அவை கிறீஸ் கறையோடு சிங்களத்தில் கையால் எழுதியவையாக இருக்கும். குழுவில் சிங்களம் சரளமாக வாசிப்பவர் ஒருவர் இல்லாமல் போகக் கூடாது.

வேலைவாய்ப்பு எண்ணிக்கைக்கு, ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டும் பணத்தைக் காட்டி முதலாளி மாதந்தோறும் அனுப்பும் சி படிவத்தை மிஞ்சிய சான்று இல்லை. சம்பளத்தில் ஊழியர் 8, முதலாளி 12, ஆக 20 வீதம். படிவத்தின் மாத மொத்தத்தை ஐந்தால் பெருக்கினால் அந்த மாதச் சம்பளம் கிடைக்கும். படிவம் 6 இலட்சம் காட்டினால் சம்பளம் 30 இலட்சம். கிளெய்மில் 45 இலட்சம் என்றிருந்தால் உடனே பொய் என்று எழுதிவிடாதீர்கள். மேலதிக நேரக் கொடுப்பனவுக்குச் சேமலாபம் கட்டுவதில்லை. சம்பளப் பட்டியலை வாங்கி அந்த 15 இலட்சத்தில் எவ்வளவு மேலதிக நேரக் கொடுப்பனவு என்று பிரித்த பிறகு எழுதலாம். பெயர்ப் பட்டியல் வேண்டாம், அங்கத்துவ இலக்கம் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

பயிற்சிக்கும் இதே படிவம்தான். 24 பேருக்கு வெல்டிங் பயிற்சி என்றால், சான்றிதழ் நாளில் ஒருமுறை, ஓராண்டு கழித்து ஒருமுறை அங்கத்துவ இலக்கங்களை ஒப்பிடுங்கள். நல்ல வெல்டர் டோஹாவுக்கோ கொரியாவுக்கோ போய்விடுவார், அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இங்கே தங்கிய திறன் என்று எண்ணும்போது அவரைச் சேர்க்க முடியாது.

நாணய மாற்று வீதத்தில் தனிக் கவனம் வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. 1 கோடி 80 இலட்சம் ரூபாய் சம்பளத்தை 200இல் மாற்றினால் 90,000 டொலர், 360இல் மாற்றினால் 50,000. ஒப்பந்த நாள் வீதம் என்று வழங்குநர் கேட்பார். பணம் கைமாறிய நாளின் மத்திய வங்கி வீதம் என்று முதலிலேயே எழுதியிருந்தால் இந்த வாதமே வராது.

ஒரே இன்வொய்ஸை இரண்டு ஒப்பந்தங்களில் காட்டுவதைப் பிடிக்க எக்செல் போதும். ஆனால் இலக்கத்தை அப்படியே தேடினால் சிக்காது. ஒரு கோப்பில் ‘ஐஎன்வி-0147’ என்றும் மற்றதில் ‘147/ஏ’ என்றும் இருக்கும். எழுத்தையும் முன் பூச்சியங்களையும் நீக்கிய இலக்கம், திகதி, தொகை மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும். ஏற்றுக்கொண்ட இன்வொய்ஸின் மூலப்பிரதியில் ஒப்பந்த இலக்கத்துடன் முத்திரை குத்திவிடுங்கள்.

தண்டத்துக்கு வருவோம். இந்திய நடைமுறையில் ஓராண்டில் நிறைவேறாத பகுதிக்கு 5 வீதம், பிரதான ஒப்பந்தக் காலத்தில் மொத்தம் 20 வீதத்துக்கு மேல் போகாது. வீதம் என்னவாக இருந்தாலும், வழங்குநர் கொடுத்த வங்கி உத்தரவாதம் காலாவதியானால் அறவிடுவது மிகக் கடினம். தளபாடம் வந்து கடைசிக் கொடுப்பனவும் போன பிறகு ஒப்செட் இன்னும் சில ஆண்டு ஓடும். உத்தரவாதம் பெரும்பாலும் தளபாடத்தோடு முடிந்துவிடும். ஒப்செட் முடிவுத் திகதிக்குப் பின் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். காலாவதிக்கு 60 நாள் முன்பே நீடிப்புக் கடிதம் போக வேண்டும்.

பதில் கடிதத்தில் ஒவ்வொரு வரிக்கும் கேட்டது, ஏற்றது, மறுத்தது, காரணம் என்று நான்கு நிரல்கள் போடுங்கள். ‘ஆவணம் போதாது’ என்று மட்டும் எழுதினால் அதே கிளெய்ம் அடுத்த அரையாண்டில் திரும்பி வரும். சில ஒப்பந்தங்களில் குறித்த நாட்களுக்குள் பதில் போகாவிட்டால் கிளெய்ம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வாசகம் ஒளிந்திருக்கும். அந்த நாட்கள் எண்ணப்படுவது கோப்பு உங்கள் மேசைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, தபால் பிரிவில் முத்திரை விழுந்த நாளிலிருந்து. கோப்பு மாடி ஏறி வரவே மூன்று வாரம் எடுக்கும் அலுவலகமென்றால், தபால் பதிவேட்டை வாரம் ஒருமுறை நீங்களே இறங்கிப் போய்ப் பாருங்கள்.