செவப்பு வாலு விமானங்க

நேத்து தூக்கம் வராம அமெரிக்க விமானப்படையோட 99வது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) கதைய படிக்க ஆரம்பிச்சு மணி ரெண்டாயிருச்சு. 1941ல கறுப்பினத்தவருக்குன்னு தனியா ஆரம்பிச்ச முதல் ஸ்குவாட்ரன், தனியான்னா மரியாதைக்கு இல்லீங்க, வெள்ளைக்காரங்களோட சேர்ந்து பறக்கக்கூடாதுன்னு. அலபாமால டஸ்கீகீங்கற ஊர்ல ட்ரெய்னிங், முதல் பேட்ச்ல 13 பேர் சேர்ந்து 1942 மார்ச்சுல தேறினது அஞ்சே பேரு. அதுல ஒருத்தர் பெஞ்சமின் டேவிஸ், வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமில படிச்ச நாலு வருஷமும் கூடப் படிச்சவங்க கடமைக்குத் தவிர அவர்கிட்ட வாயே திறக்கலயாம். நாலு வருஷம்! நமக்கு நீல டிக் விழுந்து பதில் வரலன்னாலே அன்னிக்கு சோறு இறங்காது.

ரெண்டாம் உலகப்போர்ல, 1943 ஜூலை 2 அன்னிக்கு, இந்த ஸ்குவாட்ரன் பைலட் சார்லஸ் ஹால் இவங்களோட முதல் ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார், அதுக்குப் பரிசு ஜில்லுனு ஒரு கோக் பாட்டில். அப்பவும் இவங்களுக்கு சண்டை போடற தைரியம் பத்தாதுன்னு மேலிடத்துக்கு ரிப்போர்ட் போச்சு. 1944 ஜனவரில இத்தாலி ஆன்சியோ மேல ரெண்டே நாள்ல ஒரு டஜன் கிட்ட விமானத்தை சாய்ச்சப்புறம்தான் அந்தப் பேச்சு அடங்குச்சு. அந்த வருஷமே 332வது குரூப்போட (இதுவும் கறுப்பினத்தவரோட பெரிய விமானப் பிரிவுதான்) சேர்ந்தாங்க, வாலு முழுக்க செவப்பு பெயிண்ட்.

1949ல இந்த ஸ்குவாட்ரனைக் கலைச்சுட்டாங்க. 1988ல பைலட் ட்ரெய்னிங் ஸ்குவாட்ரனா திரும்ப உயிர் வந்துச்சு, அப்புறம் டெக்ஸாஸ் ராண்டால்ஃப் தளத்துக்கு மாத்தினாங்க. அங்க பறக்கச் சொல்லிக்குடுக்கற வாத்தியார்களுக்கு ட்ரெய்னிங் குடுத்த ஜெட்டுக்கும் அதே செவப்பு வாலுதான்.