பார்வை குறைந்த பிள்ளையைச் சாதாரண தரம் வரை கொண்டுபோவது

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளோடு வேலை செய்கிற எங்களிடம் பெற்றோர் பெரும்பாலும் வருவது, தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பொதுப் பரீட்சையின் விண்ணப்பம் கைக்கு வந்த பிறகுதான். அப்போது எதையும் அவசரத்தில்தான் செய்ய வேண்டியிருக்கும். தரம் 9இலேயே தொடங்கிவிடுங்கள்.

முதலில் கண் கிளினிக். நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போகிற அன்றைக்கு அம்மாவுக்குப் பேர் விழாது, அதாவது தோட்டத்தில் அன்றைய சம்பளம் இல்லை; பஸ் காசு வேறு. ஒரே போக்கில் வேலை முடிய வேண்டுமானால், டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புவது நல்லது. நோயின் பெயர் மட்டும் உள்ள கடிதம் எதற்கும் உதவாது. கண்ணாடி போட்ட பிறகு ஒவ்வொரு கண்ணிலும் பார்வை எவ்வளவு, 6/60ஆ (மற்றவர்கள் 60 மீற்றரில் பார்ப்பதைப் பிள்ளை 6 மீற்றரில்தான் பார்க்கும்) 6/36ஆ, எந்த அளவு எழுத்தை வாசிக்கிறது, எவ்வளவு நேரத்தில் கண் களைக்கிறது என்று இருக்க வேண்டும். பெரிய எழுத்து வினாத்தாள், மேலதிக நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒருவர்: இவற்றில் எது தேவை என்பதும் அதே கடிதத்தில் வரட்டும்.

அடுத்தது பெயர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்து, பாடசாலை இடாப்பில் இன்னொன்று, கிளினிக் கொப்பியில் மூன்றாவது. முகவரியில் லயன் (தோட்டக் குடியிருப்பு வரிசை) இலக்கமும் டிவிஷன் (தோட்டப் பிரிவு) பெயரும் அப்படித்தான் மாறிக் கிடக்கும். பிறப்புப் பதிவைத் திருத்த பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைப் பார்க்க வேண்டும். போகிற கையோடு சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு பற்றியும் கேட்டுவிடுங்கள்.

வகுப்பறையில் செலவில்லாமல் நிறையச் செய்யலாம். பிள்ளை ஜன்னலைப் பார்த்தபடி உட்காரக்கூடாது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். புத்தகத்தைச் சாய்த்து வைக்க ஒரு மரப்பெட்டி போதும், கழுத்து வலி குறையும். கறுப்பு மார்க்கரால் கோடு தடித்த கொப்பி. ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போதே வாய்விட்டு வாசிக்க வேண்டும்; இதைத்தான் முதலில் மறந்துபோவார்கள்.

ஏ4 தாளை ஏ3 ஆக்கினால் பெரிய எழுத்து கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது 141 சதவீதம்தான். 12 பொயிண்ட் அளவு எழுத்து 17க்குக் கிட்ட வரும். தேவை பெரும்பாலும் 18 முதல் 24 வரை. மங்கிய பிரதியில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்து 'க்'கும் 'க'வும் ஒன்றாகிவிடும்; 'கி', 'கீ' தடுமாறும். புதிதாகத் தட்டச்சு செய்வதே மேல். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பீடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. போனிலேயே பெரிதாக்கி வாசிக்கலாம்.

பரீட்சைச் சலுகைக்கான கோரிக்கை அதிபர் வழியாகப் பரீட்சைத் திணைக்களத்துக்குப் போகும். விண்ணப்பத்தோடு மருத்துவக் கடிதம் சேர்ந்ததா என்று நேரில் பாருங்கள், ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.

சொல்லி எழுதுவிப்பது தனிப் பழக்கம். கணிதத்தில் அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை விடை தெரிந்தும் புள்ளி இழக்கும். தரம் 10இலிருந்தே கடந்தகால வினாத்தாள்களை, பிள்ளையின் பாடம் தெரியாத ஒருவரை எழுதவைத்துப் பயிற்சி கொடுங்கள். பரீட்சை அனுமதி அட்டை வந்ததும் பரீட்சை மண்டபத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்; காலை பஸ் நேரத்துக்கு வருமா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.