தறிக்கார விரல்களும் கைரேகை மிஷினும்

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவல் 1949-இல் வெளியானது. அதில் வீட்டுச் சுவரிலேயே ஒரு திரை இருக்கும். குடியிருப்பவரை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும். அரசின் பிடி இறுகுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அந்தத் திரையைத்தான் சொல்கிறார்கள். பவானிப் பக்கத்தில் ரேஷன் கடை விற்பனையாளராக இருக்கும் எனக்குப் பயம் வேறு. எதிரே வந்து நிற்கும் ஆளைப் பார்த்து, "நீ யாரோ" என்று அரசு சொல்லிவிடுகிறதே, அதுதான் என்னை உறுத்துகிறது.

இது ஜமக்காள ஊர். குழித்தறியில் உட்கார்ந்து முரட்டு நூலோடு மல்லுக்கட்டியே தேய்ந்த விரல்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்குக் கைரேகைப் பதிவு வந்தபோது முதலில் மாட்டிக்கொண்டவை அந்த விரல்கள்தான். பாட்டி ஒருவர் கட்டை விரலை முந்தானையில் துடைத்துவிட்டு வைப்பார். விழாது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மறுபடியும் கட்டை விரல். பின்னால் வரிசை முனகும். ஓ.டி.பி. போடலாம் என்றால், அட்டையில் பதிந்த போன் நம்பர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனுடையது. ஷிப்டில் இருப்பவர் போனை எடுப்பதில்லை.

"மிஷினுக்கு என்னைத் தெரியாவிட்டால் போகட்டும். உனக்குத் தெரியாதா, கண்ணு?" என்று ஒருநாள் கேட்டார்.

தெரியும். அவர் வீட்டுத் தறி நின்றுபோனது தெரியும். மகளை அந்தியூரில் கட்டிக்கொடுத்தது தெரியும். அதைப் பதிய மிஷினில் இடமில்லை.

காஃப்கா இறந்த பிறகு, 1926-இல் வெளிவந்த அவருடைய 'கோட்டை' நாவல்தான் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. வேலைக்கு அழைத்தார்கள் என்று ஒரு நில அளவையாளர் ஊருக்கு வருகிறார். கோட்டை அவரை ஏற்றுக்கொள்வதாகவும் இல்லை, விரட்டுவதாகவும் இல்லை, இழுத்தடிக்கிறது. காஃப்கா பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் இயந்திரங்களில் தொழிலாளர்கள் விரலை இழப்பதைத் தடுப்பது பற்றி அறிக்கையே எழுதியவர். மனு கொடுக்க வருபவரின் முகத்தை அருகில் பார்த்த ஒருவரால்தான் அப்படி ஒரு கதையை எழுத முடியும் என்று நம்புகிறேன்.

மிஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருளே வாங்காத அட்டைக்கு வாங்கியதாகப் பேரேட்டில் எழுதிய காலத்தையும் பார்த்திருக்கிறேன். ஏழையின் அரிசி அப்படியும் போயிருக்கிறது. ஆனால் திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டு வீட்டுக்காரியை வெளியே நிறுத்தினால், சாவி யாரிடம் என்று கேட்கத்தானே வேண்டும்?

ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் திட்டம் செல்லும் என்றார்கள். மாறுபட்ட ஐந்தாமவர் டி.ஒய். சந்திரசூட், மனிதரின் கண்ணியமும் உரிமையும் கணினிக் கணக்குகளை நம்பி நிற்கக் கூடாது என்று எழுதினார். சிறுபான்மைத் தீர்ப்புதான். என் கடை வரிசையைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது எனக்கு.

நான் கேட்பது மிஷினில் ஒரே ஒரு பொத்தான்: 'இவரை எனக்குத் தெரியும்.' அதை அழுத்தியவன் பெயரும் நேரமும் பதிவாகட்டும். தணிக்கைக்கு வருபவர்கள் அந்த வீட்டுக்கே போய் விசாரிக்கட்டும். பொய் என்றால் என் வேலை போகட்டும். பாட்டி அன்றைக்கே அரிசியோடு வீடு போய்ச் சேரட்டும்.