ரீங்காரம் கேட்கும் கடிகாரம்: ஹட்டனிலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு

காலையிலிருந்து விடாத தூறல். டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா என் கடிகாரக் கடைக்கு வந்தார். அவருடைய கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர், இப்போது உயிரோடு இல்லை. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்: புலோவா அக்யூட்ரோன் கைக்கடிகாரம். பக்கவாட்டில் சாவி இல்லை. முள்ளைத் திருப்பும் சிறு பிடி பின்பக்கம் மடிந்து கிடக்கிறது. அப்படியென்றால் உள்ளே இருப்பது 214 என்ற எண்ணுள்ள இயந்திரம். பின்மூடியில் எம்7 என்ற குறி இருக்கிறது. 1967இல் செய்தது.

"தம்பி, அவரு போனதுக்கப்புறம் இது ஒரு நாள்கூட முனகல. பழுது பாத்து வித்துக் குடுங்க. பேத்தி கேம்பஸ் போறா."

1975இல் கம்பெனித் தோட்டங்களை இலங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் தொரை கொடுத்துவிட்டுப் போனதாம். வாங்கி வைத்துக்கொண்டேன். இந்த மாதம் வேறு பெரிய வேலை எடுக்கப் போவதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பற்றரி மூடியைச் சில்லறைக் காசால் திறந்தேன். உள்ளே பழைய பாதரசப் பற்றரி கசிந்து, தொடுமுனை முழுக்கப் பச்சைப் பொருக்கு. பொருக்கு சுருள் வரை போயிருந்தால் கதை முடிந்தது. இந்தச் சுருள்களில் சுற்றியிருக்கும் கம்பி தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. மல்டிமீட்டரை வைக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது. இரண்டு சுருளும் உயிரோடுதான் இருக்கின்றன. தொடுமுனையை மரக்குச்சியாலும் ஸ்பிரிட்டாலும் சுத்தம் செய்தேன். இன்றைக்கு இவ்வளவு போதும்.

ஜூன் 6, வெள்ளி

சில்வர் ஒக்சைட் பற்றரி போட்டேன். உடனே ரீங்காரம்! காதில் வைத்தால் மழைக்காலத்தில் தூரத்தில் வண்டு பறக்கிற மாதிரி ஒரே சுருதி. இந்தக் கடிகாரத்துக்கு டிக் டிக் கிடையாது. உள்ளே இருப்பது ஒரு இசைக்கவை, அதாவது இரண்டு கையுள்ள டியூனிங் ஃபோர்க், நொடிக்கு 360 தடவை அதிரும். அதை ஆட்டிவைப்பது ஒரே ஒரு டிரான்சிஸ்டர். மாக்ஸ் ஹெட்செல் என்ற சுவிஸ் பொறியாளர் 1950களில் யோசித்தது, 1960இல் கடைக்கு வந்தது. கையில் கட்டும் மின்னணுக் கடிகாரம் இங்கேதான் தொடங்குகிறது. மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது என்று அன்றைக்கு உத்தரவாதமே கொடுத்தார்கள்.

ஆனால் சந்தோஷம் ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. நொடி முள் ஓட்டமாக ஓடுகிறது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நேரம் எங்கேயோ போயிருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

காரணம் தெரிந்ததுதான். பாதரசப் பற்றரி தந்தது 1.35 வோல்ட், இன்றைய சில்வர் ஒக்சைட் தருவது 1.55. கூடுதல் வோல்ட்டில் கவை அகலமாக வீசுகிறது. கவையின் ஒரு கையில் மாணிக்கக்கல் நுனியுள்ள சின்ன விரல் உண்டு. ஒவ்வொரு அதிர்வுக்கும் பற்சக்கரத்தில் ஒரு பல்லைத் தள்ளுவதுதான் அதன் வேலை. வீச்சு மிஞ்சினால் இரண்டு பல்லாகத் தள்ளிவிடும். சக்கரத்தின் விட்டம் 2.4 மில்லிமீட்டர், அதில் 300 பற்கள். வெறுங்கண்ணுக்கு வழுவழுப்பான வட்டமாகத்தான் தெரியும். அந்தக் காலத்தில் இதை வெட்டியெடுத்த கைகளை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

சக்கரம் பின்னால் வராமல் பிடிக்க இன்னொரு விரல் இருக்கிறது. இரண்டு விரல்களுக்கும் இடையே உள்ள தூரம் முழுப் பற்களாக முடியாமல், கடைசியில் ஒரு அரைப்பல் மிஞ்சவேண்டும். அந்த அரைப்பல் சரியாக அமைந்தால் வீச்சு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஒரு பல்தான் நகரும். யாரோ முன்பு இந்தத் தூரத்தைச் சரிசெய்யும் திருகாணியைத் தொட்டிருக்கிறார்கள், அதன் தலையில் கீறல் தெரிகிறது.

பித்தளை இடுக்கியை மட்டும் எடுத்தேன். கவையின் நுனிகளில் காந்தம் இருக்கிறது. இரும்பு இடுக்கி அந்தப் பக்கம் போனால் இழுத்துக்கொண்டு சக்கரத்தில் விழும். அப்புறம் அழுதும் பயனில்லை. நுண்ணோக்கியில் பார்த்தபடி திருகாணியை ஒரு மயிரிழை திருப்பி, வோல்ட்டைக் குறைத்துப் பார்ப்பது, மறுபடி திருப்புவது. மூன்று மணித்தியாலம். நடுவில் கரண்ட் போய் விளக்கு அணைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை அசைக்காமல் வெளியே எடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

பௌர்ணமி விடுமுறை, கடை மூடியிருக்கிறது. நேற்று இரவு ஒன்பது மணிக்குச் சரிபார்த்து வைத்தேன், இன்று ஒன்பதுக்கு இரண்டு வினாடி முன்னால் நிற்கிறது. சரி, கவையின் நுனியில் இருக்கும் சின்ன எடையைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். நாள் முழுக்கப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

பங்களா ஏலத்தில் எடுத்த அமெரிக்க மேசைக் கடிகாரம் ஒன்றை வாங்குமாறு ஒருவர் கேட்டார். 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த மோட்டார். வோல்ட்டை மாற்றிக் கொடுத்தாலும் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். வேண்டாம் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

அக்யூட்ரோன் படத்தைப் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒருவர் பேசினார். டயலைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் சுருள்கள் தெரிகிற மாதிரி கொடுத்தால் 20,000 ரூபாய் கூடுதலாகத் தருவாராம்.

டயல் இல்லாத அந்த மாதிரிக்கு ஸ்பேஸ்வியூ என்று பெயர். முதலில் கடைக்காரர்கள் இயந்திரத்தைக் காட்டுவதற்காக வைத்திருந்தது. ஜனங்கள் அதையே கேட்கவும் கம்பெனி விற்கத் தொடங்கியது. இப்போது சந்தையில் ஸ்பேஸ்வியூ என்று வருவதில் எத்தனையோ, டயலைப் பிடுங்கிய சாதாரண 214தான். அதைச் சொல்லாமல் விற்கிறார்கள். இந்த டயலில் ஒரு கீறல் இல்லை. அறுபது வருஷத்துக்குக் கிட்ட அதே இடத்தில் இருந்ததை நான் கழற்றமாட்டேன். ஆனால் காசு அம்மாவுடையது, முடிவும் அவருடையதுதானே? தொலைபேசியில் விஷயத்தை அப்படியே சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரோலர்ல கொழுந்து போட்ட நேரத்துலருந்து கணக்கு வெச்சு, எப்ப அடுப்புக்குப் போகணும்னு இந்த மொகத்தப் பாத்துதான் தம்பி சொல்லுவாரு. மொகத்த எடுக்காதீங்க."

ஜூன் 17, செவ்வாய்

விற்பனைக் குறிப்பு எழுதினேன். எம்7, 214, டயலும் முட்களும் அதனுடையவை, கண்ணாடி புதியது, தொடுமுனை சுத்தம் செய்தது, 1.55 வோல்ட்டுக்கு விரல்கள் சரிசெய்தது, நீர் படக்கூடாது. திருகாணித் தலையிலுள்ள கீறலையும் எழுதிப் படம் போட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

கண்டியிலிருந்து ரயிலில் ஒருவர் வந்தார், ஓய்வுபெற்ற தந்தி ஊழியர். விலை கேட்கும் முன்னே காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே ஒரு ஐந்து நிமிடம். அப்புறம் நான் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் எண்ணி வைத்தார். பின்பிடியைத் திருப்பி நேரம் வைக்கும் விதத்தைக் காட்டினேன், ஓடாமல் வைப்பதாக இருந்தால் பற்றரியைக் கழற்றிவிடச் சொன்னேன்.

மாலை டிக்கோயா போனேன். செலவைக் கழித்து மீதியைக் கொடுத்தேன். அம்மா பணத்தை எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் பழைய வாரு?" என்று கேட்டார். புது வார் போட்டபோது வெட்டிப் போடாமல் எடுத்து வைத்திருந்தேன். வியர்வையில் கறுத்து, மூன்றாவது துளை மட்டும் நீண்டு கிழிந்த தோல் வார். கையில் வாங்கி அந்தத் துளையில் விரலை விட்டுப் பார்த்தார்.