வாய் கட்டின பூசையும் எங்கட மாமாவும்

ரெண்டு மூணு வருஷத்துக்கு முந்தி ஆவணித் திருவிழாவுக்கு மட்டக்களப்பு மண்டூர் முருகன் கோயிலுக்குப் போனம், அம்மா, நான், மாமா. குருமண்வெளித் துறையில பாதை ஏறினம் (வெளியூர் ஆக்களுக்கு: எங்கட பக்கம் பாதை எண்டா றோட்டு இல்ல, ஆத்துக்கு குறுக்கால ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏத்திப் போற மிதவை). அந்தக் கர படுவான்கர, சூரியன் படுற பக்கம்.

மாமா 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எந்தக் கோயிலுக்குள்ளயும் கால் வைக்கல. கடல் வந்த அண்டைக்கு அவர்ட வீட்டில ரெண்டு பேர் போயிட்டாங்க, அதுக்குப் பிறகு சாமியாவது மண்ணாங்கட்டியாவது எண்டுதான் கத. ஆனா வருஷம் தவறாம அம்மாவக் கூட்டிக்கொண்டு வாறதும் அவர்தான். தீர்த்தம் முடியுமட்டும் மச்சமும் (மீன், இறைச்சி) திங்கமாட்டாரு, கேட்டா "அக்கா சமைக்கல்ல, எங்க மனே திங்க" எண்டுவாரு, கடையில வாங்கித் திங்க ஆரு மறிச்ச? சரி, அக்காவுக்காகத்தான் செய்யிறாரோ என்னவோ, பழக்கமும் நம்பிக்கையும் ஒண்டில்லயே எண்டு நானும் விட்டுட்டன்.

உள்ள சரியான சனம். மண்டூர்ல கதிர்காம முற, கப்புகனார் (பூச செய்யிறவர்) வெள்ளத் துணியால வாயக் கட்டிக்கொண்டுதான் பூச செய்வாரு, திர மூடித்தான் இருக்கும், மந்திரம் ஒண்டும் கேக்காது, மணிச் சத்தமும் சனத்துட அரோகராவும்தான். வாயக் கட்டிப்போட்டு கையால மட்டும் செய்யிற பூச. நானும் பெரிசா அரோகரா போட்டன், போட்டுக்கொண்டே ஃபோன்ல மிஸ்கோலும் பாத்தன், உண்மையச் சொல்லணும். அதோட காவடி எடுக்கிறன் எண்டு வச்ச நேர்த்தி மூணு வருஷமாக் கிடக்கு. லீசிங் காசு ஒரு நாள் பிந்தினா எனக்கு நித்திர வராது, முருகன்ட கடன் மட்டும் கிடக்கட்டும் எண்டு விட்டது அவர் பொறுப்பாரெண்ட பக்தியா, இல்ல கேக்க ஆளில்லையெண்ட தைரியமா எண்டு அதில நிண்டுதான் முதல்தரமா யோசிச்சன்.

வெளிய வந்தா மாமா கொதிக்கிற மணல்ல வெறுங்காலோட நிக்காரு. செருப்ப துறையடியிலயே கழட்டி வச்சிட்டுத்தான் நடந்து வந்திருக்காரு.

"ஏன் மாமா?"

"வார் அந்துட்டு மனே."

மறுகா துறைக்கு வந்து அவர் செருப்பப் போடக்குள்ள பாத்தன், ரெண்டு வாரும் நல்லாத்தான் இருந்திச்சு. நான் ஒண்டும் கேக்கல, பாதையும் வந்திட்டு.