பஸ் கிளம்புவதற்கு முன் பரீட்சை

ஆகஸ்ட் மாதக் கடைசி. செமஸ்டர் தொடங்கி இரண்டாவது வகுப்பு. அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில் ஒரு பல்கலையில் நான் அப்போது பிஎச்.டி. மாணவன். சம்பளத்துக்காக இளநிலை மாணவர்களின் புள்ளியியல் வகுப்பில் உதவி ஆசிரியர் வேலை. வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் வந்து தாள் ஒன்றை நீட்டினாள். ஹாக்கி அணியில் ஆடுகிறாளாம். ஐந்து வெளியூர் ஆட்டங்கள், ஐந்து தேதிகள், கீழே விளையாட்டுத் துறையின் கையெழுத்து.

சரி, சலுகை கேட்க வந்துவிட்டாள் என்று நினைத்தேன். நானும் தமிழ்நாட்டில் படித்தவன்தானே. "சார், டோர்னமென்ட் இருக்கு, இன்டர்னலை அப்புறம் எழுதிக்கிறேன்" என்ற வசனம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

அவள் கேட்டது வேறு. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை தேர்வும் பயணமும் ஒரே நாளில் வருகின்றன, பஸ் பத்து மணிக்கு, அதனால் காலை ஏழரைக்கே எழுதிவிட அனுமதி கிடைக்குமா? தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கிறது. நான் இன்னும் அந்தத் தேர்வுக்கு ஒரு கேள்வியைக்கூட யோசிக்கவில்லை.

வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "நேரத்தை எப்படிச் சமாளிச்சீங்க?" என்பதுதான். உண்மையைச் சொன்னால், முதல் ஒன்றரை வருடம் நான் சமாளிக்கவே இல்லை. கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்த ஹாக்கிக்காரர்களைப் பார்த்துத்தான்.

எனக்கு ஹாக்கி புதிதில்லை. ஊர் கோவில்பட்டி. கடலைமிட்டாய்க்கு அடுத்தபடி எங்கள் ஊர் அறியப்படுவது ஹாக்கிக்குத்தான். ஹாக்கிப்பட்டி என்றே சொல்வார்கள். நான் பத்தாம் வகுப்பு வரை ரைட் ஹாஃப் ஆடினேன். பதினொன்றாம் வகுப்பு தொடங்கிய வாரமே அப்பா மட்டையைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். "ரெண்டே வருஷம்டா. மார்க்கை வாங்கிட்டு அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் ஆடு." அவரைக் குறை சொல்லவில்லை, தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் நடந்தது. ஆனால் தினமும் மிச்சமான அந்த இரண்டு மணி நேரம் படிப்புக்குப் போனதா என்று கேட்டால், போகவில்லை. பாதி தூக்கத்துக்கும் பாதி டியூஷன் வாசலில் நின்று பேசும் அரட்டைக்கும் போனது. மார்க் வந்தது. மட்டை இறங்கவில்லை.

அந்த ஏக்கத்தில்தான் சேப்பல் ஹில் என்ற ஊருக்கு ஆட்டம் பார்க்கப் போக ஆரம்பித்தேன். நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் ஹாக்கி என்பது பெண்கள் ஆட்டம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஆண்களுக்கு ஹாக்கி சாம்பியன்ஷிப் நடத்துவதே இல்லை. வெறும் ஹாக்கி என்று சொன்னால் அவர்கள் பனிச்சறுக்கு ஹாக்கி என்று எடுத்துக்கொள்வார்கள்.

அந்தப் பெண்கள் ஹாக்கியில் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலை அணி அளவுக்கு யாரும் ஜெயித்ததில்லை. 1989இல் முதல் தேசியப் பட்டம், 2023இல் பதினோராவது. முதல் பத்தும் கேரன் ஷெல்டன் என்ற ஒரே பயிற்சியாளரின் கீழ் வந்தவை. 1981இல் பொறுப்பேற்றவர், 42 சீசன் இருந்து, 745 வெற்றிகளோடு 2022 கடைசியில் ஓய்வுபெற்றார். அணி ஆடும் மைதானத்துக்கே அவர் பெயர்தான். என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு விஷயம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க அணியில் ஷெல்டன் ஆடினார். அதாவது கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராக இருந்துகொண்டே தேசிய அணியில் வீராங்கனை. அதே வெண்கல அணியின் பெத் ஆண்டர்ஸும் அப்படித்தான். ஓல்டு டொமினியன் பல்கலைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே ஆடினார். அவர் அந்தப் பல்கலைக்கு வாங்கிக் கொடுத்த பட்டங்கள் ஒன்பது. இரண்டு வேலையை ஒன்றாகச் செய்தவர்கள் கட்டிய அணிகள் இவை. அங்கே போய் ஒரு மாணவி "படிப்பா ஆட்டமா, ஒன்றைத்தான் செய்ய முடியும்" என்று சொன்னால் எடுபடுமா?

சேப்பல் ஹில்லில் படித்து ஒலிம்பிக் போனவர்களும் உண்டு. ரேச்சல் டாசன், கேட்லின் ஃபால்கௌஸ்கி இருவரும் 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக் ஆடியவர்கள். இதில் ஃபால்கௌஸ்கி 2008இல் பெய்ஜிங் போனபோது இன்னும் கல்லூரி மாணவி, வயது 19. 2018இல் பட்டம் வென்ற அணியின் ஆஷ்லி ஹாஃப்மன் 2024 பாரிஸில் ஆடினார். பாரிஸுக்கு அமெரிக்கா தகுதி பெற்றது எங்கே தெரியுமா? நம் ராஞ்சியில். 2024 ஜனவரியில் நடந்த அந்தத் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே இந்தியாவை 1-0 என்று வென்றார்கள். கடைசியில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் வாய்ப்பே போய்விட்டது. அன்றைக்கு யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் முழித்த ஆள் நான்.

இனி படிப்பு. ஹாக்கி சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் மூன்றாம் வாரம் வரை போகும். செமஸ்டரும் அதே ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் தேர்வோடு முடியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. சீசனில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்குமேல் பயிற்சி கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு கட்டாயம் என்று விதி இருக்கிறது. பயண நேரம் அந்த இருபதில் சேராது. பட்டத்துக்குத் தேவையான பாடங்களில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட முடியாது. நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்கும், அரியர் வைத்துக்கொண்டும் ஆடலாம். அங்கே அரியர் வைத்தால் மட்டை போய்விடும்.

அதனால் அவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் வகுப்பில் சிலபஸ் தாள் கொடுப்பார்கள் இல்லையா, அதில் தேர்வுத் தேதிகளும் வீட்டுப்பாடம் ஒப்படைக்கும் தேதிகளும் இருக்கும். நாம் அதை வாங்கி நோட்டுக்குள் மடித்து வைப்போம். அந்தப் பெண் தன் நான்கு பாடத் தேதிகளையும் ஆட்டத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, இடிக்கிற இடங்களில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தாள். ஆறு வட்டம். ஆறுக்கும் உரிய ஆசிரியர்களை முதல் பத்து நாளுக்குள் பார்த்துவிட்டாள்.

நானும் அடுத்த செமஸ்டரில் இதைச் செய்து பார்த்தேன். எனக்கு ஆட்டம் எதுவும் இல்லாததால் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். விடைத்தாள் திருத்தும் நாட்கள், என் தேர்வுகள், வாடகை, விசா வேலை, அக்கா கல்யாணம் எல்லாம் எழுதி முடித்தால் மார்ச் மாதத்தில் ஒரு வாரம் முழுக்கச் சிவப்பு. அந்த வாரம் ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. வழக்கமாக மார்ச்சில்தான் தெரியும், அதுவும் திங்கட்கிழமை ராத்திரி. ஆசிரியரிடம் ஏழு வாரம் முன்னால் கேட்டால் திட்டமிடுகிறவன் என்று பெயர். முதல் நாள் கேட்டால் சாக்குச் சொல்கிறவன். கேட்கிற விஷயம் இரண்டிலும் ஒன்றேதான். நம் பிள்ளைகள் பேராசிரியரிடம் போய்க் கேட்பதையே மரியாதைக்குறைவு என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். அங்கே அப்படி யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் எனக்கு உண்மையில் உதவியது இதைவிட இன்னொன்று. ஒரு நாள் அவள், மாணவர்கள் சந்தேகம் கேட்க வரும் என் அலுவல் நேரத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டாள். வாசலில் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். பெனால்டி கார்னர், அதாவது கோல் அருகே தவறு நடந்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு. எதிரணி பந்தைத் தள்ளுகிறது, இவள் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து ஓடுகிறாள், பந்து இவளைத் தாண்டிக் கோலுக்குள் போகிறது. சில நொடிகள்தான். திரும்பவும் அதே துண்டு. திரும்பவும் அதே. நானும் பழைய ரைட் ஹாஃப் ஆயிற்றே, எட்டிப் பார்த்து, "கீப்பர் தடுத்திருக்கலாமே" என்றேன். இல்லையாம். "நான் ஓடினது சரியான வேகம், தப்பான கோடு. பாருங்க, என் இடது பக்கம் திறந்திருக்கு" என்று வீடியோவை நிறுத்திக் காட்டினாள். ஆட்டம் முழுவதையும் பார்க்க மாட்டார்களாம். பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் தவறு உள்ள மூன்று நான்கு துண்டுகளை வெட்டிக் கொடுப்பார், அடுத்த பயிற்சிக்குள் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நான் அதற்குச் சில மாதம் முன்புதான் பிஎச்.டி. தகுதித் தேர்வில் தோற்றிருந்தேன். இரண்டே வாய்ப்பு, ஒன்று போய்விட்டது. தோற்ற விடைத்தாளைத் திரும்ப வாங்கியவன், மொத்தத்தைப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டவன்தான், அப்புறம் திறக்கவே இல்லை. சிறுவயதுப் பழக்கம் அது. பொதுத்தேர்வு விடைத்தாள் நகல் வாங்குவதுகூட மறுகூட்டலில் இரண்டு மார்க் ஏறுமா என்று பார்க்கத்தானே?

அன்றைக்கு ராத்திரி விடைத்தாளை எடுத்தேன். மார்க் போன இடம் 31. ஒவ்வொன்றையும் ஏன் போனது என்று ஒரு வரியில் எழுதினேன். உண்மையிலேயே பாடம் தெரியாமல் போனது ஒன்பதுதான். மீதி இருபத்திரண்டும் தெரிந்த பாடம். கேள்வியில் உள்ள நிபந்தனையைப் படிக்காமல் விட்டது, தேற்றத்தை எழுதிவிட்டு அது இந்த இடத்துக்குப் பொருந்துமா என்று சரிபார்க்காதது, முதல் கேள்வியிலேயே ஐம்பது நிமிடம் உட்கார்ந்து கடைசிக் கேள்விக்கு ஆறு நிமிடம் வைத்தது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தேன். தெரிந்ததையே திரும்பத் தெரிந்துகொள்ளும் வேலை. படித்த திருப்தி வரும், மார்க் வராது.

அதன்பிறகு வாரத்தில் நான்கு நாள் பழைய வினாத்தாள் ஒரு கேள்வி, நேரம் வைத்து, புத்தகத்தை மூடிவிட்டு. ஐந்தாம் நாள் அந்த நான்கின் தவறுகளை மட்டும் பார்ப்பது. வேறெதுவும் இல்லை. இரண்டாம் முறை தேறிவிட்டேன். பிரமாதமான மார்க் எல்லாம் இல்லை, தேறினேன்.

தேர்வுக்கு முன்னால் மனதைத் தயார்ப்படுத்துவது பற்றியும் கேட்பார்கள். நான் 1984 வெண்கலக் கதையைச் சொல்வேன். ஆறு அணிகள், எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். அமெரிக்கப் பெண்கள் தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்டுப் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து, நெதர்லாந்து-ஆஸ்திரேலியா ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெதர்லாந்து 2-0 என்று வென்றது. அதனால் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் எல்லாக் கணக்கிலும் சமம். உடனே இறங்கி வந்து பெனால்டி ஸ்ட்ரோக் ஆட வேண்டும், கீப்பரை மட்டும் எதிரில் வைத்து ஒவ்வொருவராகக் கோல் அடிப்பது. ஆடினார்கள், 10-5 என்று வென்றார்கள். அந்த இடைவெளியில் எதையும் புதிதாகக் கற்றிருக்க முடியாது. தேர்வு ஹாலுக்கு வெளியே நின்று கைடைப் புரட்டும் தம்பிமார் யோசிக்கலாம்.

இதெல்லாம் அப்படியே நமக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. விளையாட்டு மாணவர்களுக்குத் தனி டியூட்டர், தனி ஆலோசகர் எல்லாம் உண்டு. உதவித்தொகையைப் பற்றி நம்மவர்கள் நினைப்பதுபோலவும் இல்லை. பல வருடங்களாக ஓர் அணிக்குப் பன்னிரண்டு முழு உதவித்தொகைதான் உச்சவரம்பு, அதைத்தான் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இதே சேப்பல் ஹில்லில் வகுப்பே நடக்காமல் மார்க் போட்ட பெரிய ஊழல் வெளிவந்தது. 18 ஆண்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்தப் பாடங்களில் இருந்தார்கள், அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் விளையாட்டு மாணவர்கள் என்று 2014இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அமெரிக்காவில் எல்லாம் நேர்மை என்று யாராவது அளந்துவிட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்டோபர் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஏழரை என்று சொல்லிவிட்டு நான் ஏழு முப்பத்தெட்டுக்குப் போனேன். அவள் வாசலில் நின்றிருந்தாள். மட்டைப் பையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்து எழுதினாள். ஆறாம் கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். ஏதோ இரண்டு வரி எழுதினாள், பிறகு தாளைக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை நான் கதவைத் திறக்கும்போதே வந்து நின்றாள். கணுக்காலில் கட்டு. மற்றவர்களும் எழுதி முடித்துவிட்டதால் இப்போது பேசலாம்.

"மேட்ச் என்ன ஆச்சு?" என்றேன்.

"தோத்துட்டோம். நாலு-ஒண்ணு," என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்த ஆறாம் கேள்வி."