கால் அமுங்கும் கூரை

போன வாரம் டாலஸுக்கு வடக்கே உள்ள ஒரு கிடங்கின் கூரையில் ஏறினேன். கிடங்குகளின் பராமரிப்பைக் கவனிப்பதுதான் என் வேலை. ஏணியிலிருந்து குளிர்சாதன இயந்திரங்களை நோக்கி நடக்கையில் பத்தாவது அடியிலேயே கால் அமுங்கியது. ஈர மெத்தைமேல் நடப்பதுபோல் பொதபொதவென்று இருந்தது. மழைநீர் இறங்காமல் மேலே விரித்திருந்த வெள்ளை டிபிஓ பிளாஸ்டிக் விரிப்பிலோ ஒரு கிழிசல்கூட இல்லை.

மொட்டைமாடி என்றதும் நமக்குக் கான்கிரீட்டும் தட்டோடும்தான் நினைவுக்கு வரும். டெக்சாஸ் கிடங்குகளின் கூரை வேறு மாதிரி. அடியில் நெளிவு இரும்புத் தகடு, அதன்மேல் பாலியிசோ நுரைப் பலகை, உச்சியில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் டிபிஓ. அந்த நுரைப் பலகை வெப்பத்தைத் தடுப்பதில் கெட்டிக்காரன். மிதி வாங்கத் தெரியாதவன். சதுர அங்குலத்துக்கு 20, 25 பவுண்டு அழுத்தம்தான் அதன் தாங்குதிறன். இயந்திரங்களைப் பழுதுபார்க்க வருகிறவர்கள் கனத்த பெட்டிகளோடு எப்போதும் ஒரே தடத்தில்தான் நடக்கிறார்கள். நாளடைவில் பலகையின் மேலுறை பிரிந்து, நுரை மாவாக உதிர்கிறது.

இதைத் தடுக்கத்தான் நுரைக்கும் விரிப்புக்கும் நடுவே கவர் போர்டு வைக்கிறார்கள். கண்ணாடி இழை உறையிட்ட ஜிப்சம் பலகை ஏறத்தாழ 900 பவுண்டு அழுத்தம் தாங்கும். கனம் அரை அங்குலம்தான், ஆனால் எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அடர்த்தி கூடிய பாலியிசோவில் செய்த கவர் போர்டும் உண்டு. அது மிக லேசு, வேலை சீக்கிரம் முடியும், தாங்குதிறன் 100 பவுண்டு அளவில் இருக்கும். ஆள் நடமாட்டம் உள்ள கூரை என்றால் நான் ஜிப்சத்தைத்தான் கேட்பேன்.

நடமாட்டமே இல்லாத மூலையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு விரிப்பில் ஒரு துண்டு வெட்டியெடுத்தோம். மேற்புறம் பளிச்சென்று இருந்தது. கவிழ்த்துப் பார்த்தால், அடிப்புறத்தில் ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் ஓடும் மெல்லிய விரிசல்கள், நட்சத்திரம்போல. ஆலங்கட்டியின் வேலை அது. கட்டி விழும்போது கீழே உள்ள நுரை குழிகிறது. விரிப்பும் அதோடு சேர்ந்து வளைந்து அடியில் வெடிக்கிறது. 2016 ஏப்ரலில் டாலஸுக்கு அருகே உள்ள வைலியிலும் மறுநாள் சான் அன்டோனியோவிலும் பெய்த ஆலங்கட்டியை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. விரிப்புக்கு அடியில் கெட்டியான பலகை இருந்தால் அது அவ்வளவு எளிதில் வளையாது.

இவ்வளவு தெரிந்தும், விலைப்பட்டியல் வந்தவுடன் உரிமையாளர்கள் முதலில் அடிப்பது கவர் போர்டு என்று எழுதிய வரியைத்தான். கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதாலேயே அதன்மேல் கை வைக்கிறார்கள். இந்தக் கிடங்கிலும் அதுதான் நடந்திருக்கிறது. பழைய கோப்பில் அந்த வரியின் மேல் பேனாக் கோடு இருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. உதிர்ந்த நுரையை எல்லாம் இப்போது அள்ளிக் கொட்டவேண்டும்.

புதிய கூரைக்கான குறிப்பை நேற்று இரவு எழுதி அனுப்பினேன். கவர் போர்டு கட்டாயம். அதன் இணைப்புகள் நுரைப் பலகையின் இணைப்புகளுக்கு நேர்மேலே வரக்கூடாது. செங்கல் அடுக்குவதுபோல் விலகி விலகி அமையவேண்டும். பலகைக் கட்டுகளை வெறும் கூரையில் போட்டு வைக்காமல் மரக்கட்டைமேல் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடவேண்டும். அன்றன்று விரிப்பால் மூட முடிகிற அளவுக்கு மட்டுமே பலகை பரப்பவேண்டும். வேலை தொடங்கும் நாளன்று காலையிலேயே ஏணியேறி நானே பார்க்கப்போகிறேன்.